பைப் தொங்கினால் ஸ்லீப் போடாதீர்கள்

"சார், என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல மட்டும் அப்படியே நிக்குது." இந்த வாரமும் ஒரு சி கோடு இந்தக் குறிப்போடு வந்தது. ஒரு ப்ராசஸ் (ஓடும் ப்ரோக்ராம்) எழுதுவதை இன்னொன்று படிக்க வழி செய்யும் பைப்தான் அதில் விஷயம். திறந்து பார்த்தால், ஃபோர்க்குக்குப் (ப்ராசஸைப் பேரன்ட், சைல்டு என்று இரண்டாக்கும் அழைப்பு) பிறகு பைப்பின் முனையை மூடும் ஒரு க்ளோஸ்கூட இல்லை. ரீட் லூப்புக்கு மேலே மட்டும் பரிகாரம் மாதிரி, இரண்டு விநாடி நிற்கச் சொல்லும் ஒரு ஸ்லீப்(2).

பைப்பைத் திறந்துவிட்டுத்தான் ஃபோர்க் செய்ய வேண்டும், அதன் இரண்டு முனைகளில் எஃப்டி[0] படிக்க, எஃப்டி[1] எழுத. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடம் வேறு.

"சைல்டு எழுதி முடித்து எக்ஸிட்டும் ஆகிவிட்டதே, பேரன்ட்டின் ரீட் ஏன் திரும்பவில்லை?" என்று கேட்கிறார்கள். சைல்டு போய்விட்டால் பைப்பும் முடிந்தது என்று நினைப்பு. அப்படி இல்லை. தரவு முடிந்தது என்று பைப்புக்குள் எந்தக் குறியும் வருவதில்லை. எழுதும் முனையை ஒரு ப்ராசஸ்கூடத் திறந்து வைத்திருக்கவில்லை என்ற நிலை வந்தால்தான் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி) ரீடுக்கு 0 தரும். ஃபோர்க் ஆனதும் எஃப்டி[1] இரண்டு பேரிடமும் இருக்கிறது. சைல்டு செத்தால் அதனிடம் இருந்தது மூடிக்கொள்ளும். பேரன்ட்டிடம் இருப்பதை யார் மூடுவது? இனி எழுதக்கூடிய ஒரே ஆள் பேரன்ட்தான், அதுவோ ரீடில் உட்கார்ந்திருக்கிறது. தான் எழுதுவதற்காகத் தானே காத்திருக்கிறது. இதற்கு ஸ்லீப் என்ன செய்யும்?

"பேரன்ட்டில் மூடினால் சைல்டிலும் மூடிவிடாதா?" என்று இன்னொரு பயம். மூடாது. ஃபோர்க்குக்குப் பிறகு, திறந்திருக்கும் முனைகளைக் குறித்து வைக்கும் டேபிள் அவரவருக்குத் தனி. பயப்படாமல் மூடுங்கள்.

இரண்டு சைல்டு இருந்தால் இன்னும் கவனம். முதல் சைல்டுக்கான பைப்பின் எழுதும் முனை பேரன்ட்டில் திறந்திருக்கும்போது இரண்டாவதை ஃபோர்க் செய்தால், அதற்கும் அந்த முனை போய்ச் சேரும். ஓ_க்ளோஎக்ஸெக் போட்டேனே என்பார்கள். அது எக்ஸெக் (அதே ப்ராசஸில் வேறு ப்ரோக்ராமை ஏற்றி ஓட்டுவது) நடந்தால்தான் மூடும், வெறும் ஃபோர்க்குக்கு உதவாது.

சரி, எல்லாம் மூடியாயிற்று, இன்னும் தொங்குகிறதா? சைல்டு முடியும்வரை காத்திருக்கும் வெயிட்பிட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். அது நிரம்பியதும் சைல்டு ரைட்டில் நின்றுவிடும். பேரன்ட்டோ சைல்டு முடியட்டும் என்று வெயிட்பிட்டில் நிற்கும். டெஸ்டில் பத்து வரி அனுப்பியபோது இது தெரியாது, லைவில்தான் தெரியும். முதலில் 0 வரும்வரை படியுங்கள், அப்புறம் வெயிட்பிட்.

0 வரும்வரை என்று சொல்வது சும்மா இல்லை. பைப்புக்கு மெசேஜ் என்ற கணக்கே கிடையாது, பைட் மட்டும்தான். இரண்டு ரைட் ஒரே ரீடில் வரலாம், ஒரு ரைட் பல ரீடாகவும் வரலாம். ரீட் தந்த எண்ணைப் பார்க்காமல் பஃபரை அப்படியே பிரின்ட்எஃப் செய்யும் கோடைத் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தொங்கும் ப்ராசஸின் பிஐடியை (ப்ராசஸ் எண்) எடுத்து, ப்ராக் (/proc) ஃபோல்டரில் அதற்குக் கீழே உள்ள எஃப்டி ஃபோல்டரை எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். பைப்:[48213] என்பதுபோல் ஓர் எண் தெரியும். அதே எண் எந்த ப்ராசஸில், எழுதும் அனுமதியோடு இருக்கிறது என்று தேடினால் குற்றவாளி அகப்படுவான். பெரும்பாலும் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த ப்ராசஸேதான்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. படிப்பவர் முதலில் போய்விட்டால், எழுதுபவரை சிக்பைப் என்ற சிக்னல் சத்தமில்லாமல் கொன்றுவிடும். ஷெல்லில் எக்ஸிட் எண் 141 என்று பார்த்தால் அதுதான். சர்வரில் சிக்பைப்பைப் புறக்கணித்துவிட்டு, ரைட் -1 தந்தால் எர்நோவில் (பிழையைச் சொல்லும் எண்) ஈபைப் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தப் புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் கூடவே போகும். சைல்டில் வேறு ப்ரோக்ராமை எக்ஸெக் செய்யும் முன் அதைப் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள்.