மூலக்கூற்றுப் படிமவியல்: சொல்லும் பொருளும்

உடலுக்குள் செலுத்திய பொருள் எங்கே படிகிறது என்று படமெடுத்துக் காட்டும் மாலிக்யூலர் இமேஜிங் என்ற மருத்துவத் துறைக்குத் தமிழில் மூலக்கூறு படிமவியல், மூலக்கூறு உருவரைவு, மூலக்கூறு இமேஜிங் என்று பல வடிவங்கள் புழங்குகின்றன. மூலக்கூற்றுப் படிமவியல் என்பதே சரியான வடிவம். ஆறு என்ற சொல் படுகையோடு சேர்ந்தால் ஆற்றுப் படுகை, சோறு பானையோடு சேர்ந்தால் சோற்றுப் பானை. கூறு என்பதும் அதே நெடில்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டிக் கூற்று என்றாகும்.

திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் இந்தப் பெயர் இருக்காது, 'பெட் சி.டி.' என்றுதான் இருக்கும். பெட் இந்தத் துறையின் ஒரு கருவி. தைராய்டுக்கும் எலும்புக்கும் படமெடுக்கும் காமா கேமரா, அதன் முப்பரிமாண வடிவமான ஸ்பெக்ட் ஆகியவையும் இதே குடும்பம்தான்.

மாலிக்யூல் என்பது லத்தீன் 'மோலெஸ்' (திரள், பொருண்மை) என்ற சொல்லின் குறுமை வடிவம். 'சிறு திரள்' என்று பொருள். இமேஜ், லத்தீன் 'இமாகோ'விலிருந்து வந்தது. சாயல், உருவொப்பு என்று பொருள். டோமோகிராஃபி கிரேக்கம்: 'டோமோஸ்' என்றால் வெட்டிய துண்டு, 'கிராஃபெய்ன்' என்றால் வரைதல். எனவே தளவரைவு என்ற தமிழாக்கம் பொருந்துகிறது. பெட் என்பதை விரித்தால் பாசிட்ரான் உமிழ் தளவரைவு; பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள். ஸ்கேன் என்ற சொல்லின் வேர் 'ஏறுதல்' என்ற பொருளுடைய லத்தீன் வினை. ஆங்கிலத்தில் அது முதலில் செய்யுளைச் சீர் பிரித்துப் பார்ப்பதைக் குறித்தது. நம் யாப்பிலக்கணம் அதை அலகிடுதல் என்கிறது. மருத்துவத்தில் வருடல் என்று எழுதுகிறோம். பேச்சில் ஸ்கேன் நிலைத்துவிட்டது, அதை விரட்ட வேண்டியதில்லை.

படிமம் என்ற சொல்லை வடமொழி 'பிரதிமா'விலிருந்து வந்ததாக அகராதிகள் காட்டுகின்றன. 'படி' என்ற தமிழ் வேரிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு. சுவாமிமலையில் வார்க்கும் ஐம்பொன் உருவங்களைப் படிமம் என்று சொல்லிப் பழகிய பகுதி நம் காவிரி டெல்டா. வேர் எதுவானாலும், படிதல் என்ற பொருள் இந்தத் துறைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் உடலின் வடிவத்தைக் காட்டும். மூலக்கூற்றுப் படிமம், ஊசி வழியே செலுத்திய ஒரு பொருள் எந்தத் திசுவில் எவ்வளவு படிந்தது என்று காட்டும். கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பது வடிவச் செய்தி. அதன் செல்கள் இப்போது எவ்வளவு சர்க்கரையை இழுக்கின்றன என்பது செயல் செய்தி. சிகிச்சை தொடங்கிய பின் கட்டி சுருங்குவதற்கு முன்பே அதன் சர்க்கரைப் பசி அடங்கிவிடலாம். அந்த மாற்றத்தைப் பெட் முதலில் பிடிக்கும். இந்தத் துறையின் மதிப்பு முழுவதும் இதில் இருக்கிறது.

உள்ளே செலுத்தும் பொருளுக்கு ஆங்கிலத்தில் ட்ரேசர் என்று பெயர். தடங்காட்டி என்று சொல்லலாம். இந்தக் கருத்தைத் தந்தவர் ஹங்கேரிய வேதியியலாளர் ஹெவெசி; 1923இல் கதிரியக்க ஈயத்தை அவரைச் செடி எப்படி உறிஞ்சுகிறது என்று தொடர்ந்து பார்த்தார். வேதியியல் நோபல் பரிசு 1943ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. அந்த ஈயம் போல, ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைதான் ஐசோடோப்பு; அதற்கு ஓரிடத்தான் என்ற பழைய ஆக்கம் உண்டு. இலங்கையில் சமதானி என்பார்கள். நம் பள்ளிப் பாடநூல் ஐசோடோப்பு என்றே எழுதுகிறது.

இன்று அதிகம் பயன்படும் தடங்காட்டி எஃப்.டி.ஜி. குளுக்கோஸ் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கதிரியக்க ஃபுளூரின்-18 பொருத்தியது. குளுக்கோஸ் என்று நம்பிச் செல் அதை உள்ளே இழுக்கும். முதல் படியாகப் பாஸ்பேட் சேர்க்கும். அடுத்த படிக்குக் கொண்டுபோக முடியாமல் தேக்கிவைக்கும். ஃபுளூரின்-18 சிதையும்போது வரும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். நோயாளியைச் சுற்றியுள்ள உணர்கருவி வளையம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால், பிடித்த இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த நிகழ்வு நடந்தது என்று பொருள். இப்படிப் பல லட்சம் கோடுகளைக் கோத்துக் கணினி படிமத்தை உருவாக்குகிறது.

ஃபுளூரின்-18இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடம். டெல்டாவுக்கு இந்த எண் மிக முக்கியம். சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் தயாரித்த மருந்து சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குச் சாலை வழியே 6 மணி நேரத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், புறப்பட்டபோது இருந்த கதிரியக்கத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மணி நேரத் தொலைவு என்றால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். 'மருந்து வரவில்லை, நாளைக்கு வாருங்கள்' என்று மையங்கள் சொல்வதற்கும், நோயாளி ஒரு மணி நேரம் தாமதித்தால் அன்றைய வரிசையே கலைவதற்கும் காரணம் இதுதான். குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேரும்படி பேருந்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட பிறகு சுமார் 60 நிமிடம் அசையாமல் படுக்கவைப்பதை வீண் காத்திருப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளம் வடிந்தால்தான் வண்டல் எந்த வயலில் படிந்தது என்று தெரியும். அதேபோல் இரத்தத்தில் ஓடும் எஃப்.டி.ஜி. வடிந்தால்தான் திசுவில் படிந்தது தனித்துத் தெரியும்.

படம் கெடுவது பெரும்பாலும் இயந்திரத்தால் அல்ல, தயாரிப்பில் விடும் பிழையால். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். 'ஒரு வாய் காபிதானே' என்பது இங்கே செல்லாது. பாலும் சர்க்கரையும் இன்சுலினைக் கிளப்பும்; இன்சுலின் எஃப்.டி.ஜி.யைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். கட்டிக்குப் போக வேண்டியது தொடைக்கும் தோளுக்கும் போய்ச் சேரும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேதியை மாற்றுவார்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்டவருக்கு அதன்பின் 4 மணி நேரமாவது கழித்தே தடங்காட்டி ஊசி. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை குடல் எஃப்.டி.ஜி.யை இழுப்பதைக் கூட்டும். அதை நிறுத்துவது, நிறுத்தாதது மருத்துவர் முடிவு.

நடவு, நாற்றுப் பறிப்பு, கதிர் அறுப்பு என்று முதல் நாள் குனிந்து நிமிர்ந்தவரின் முதுகுத் தசையும் படத்தில் ஒளிரும். ஆகவே 24 மணி நேரம் வயல் வேலை வேண்டாம் என்று வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏ.சி. அறையில் நடுங்கினால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு எரிந்து ஒளிரும். ஒரு போர்வை அதைத் தடுக்கும். கழுத்து, தொண்டைப் புற்றுக்குப் படமெடுக்கும்போது காத்திருக்கும் நேரத்தில் பேசக்கூடாது, குரல்வளைத் தசை தவறாகக் காட்டும். படுக்கையில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். பாலூட்டும் தாயும், கருவுற்றிருக்கலாம் என்று ஐயமுள்ளவரும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையில் வரும் எஸ்.யூ.வி. என்பதைத் தரப்படுத்திய ஏற்பளவு எனலாம். செலுத்திய அளவையும் உடல் எடையையும் வைத்துக் கணக்கிடுவது. எடையைத் தவறாகச் சொன்னாலோ ஊசி மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தாலோ அந்த எண் பிசகும். எனவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் மகிழ்வதும் தவறு. காசநோய், சீழ், அண்மையில் செய்த அறுவையின் புண் எல்லாமே சர்க்கரையை இழுக்கும். ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. மறுபக்கம், சில மில்லிமீட்டர் கட்டியும், மெதுவாக வளரும் சில புற்றுகளும் ஒளிராமல் தப்பிவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்தவருக்குப் பொதுவாக 12 வாரம் கழித்துப் பார்ப்பது, கதிர் பட்ட இடத்தின் அழற்சி அடங்குவதற்காக. மறுமுறை முடிந்தவரை அதே இயந்திரத்தில் எடுங்கள், பழைய படத்தின் குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள்.

இந்தத் துறையின் எதிர்காலம் சர்க்கரையைத் தாண்டிய தடங்காட்டிகளில் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுச் செல்லின் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் காலியம்-68 மருந்துக்கு 2020இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. காலியம்-68இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடம்தான். ஆனால் ஜெர்மேனியம்-68 சிதைந்து காலியம்-68 ஆகிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர் என்ற கலத்திலிருந்து அதை மருத்துவமனையிலேயே கறந்துகொள்ளலாம். ஜெர்மேனியத்தின் அரை ஆயுட்காலம் 271 நாள் என்பதால் பக்கத்தில் சைக்ளோட்ரான் தேவையில்லை. டெல்டா போன்ற பகுதிக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. உடல் முழுவதையும் ஒரே தடவையில் பார்க்கும் சுமார் 2 மீட்டர் நீளக் கருவி 2018இல் முதன்முதலாக மனிதப் படங்களைத் தந்தது. அதன் நுண்ணுணர்வால் மருந்தின் அளவையோ நேரத்தையோ பெரிதும் குறைக்கலாம்.

படம் காட்டிய அதே இலக்கில் சிகிச்சைக் கதிரையும் செலுத்துவது தெரனோஸ்டிக்ஸ். தெரபி, டயக்னாஸ்டிக்ஸ் இரண்டையும் ஒட்டிய சொல் அது. நோயறி சிகிச்சை என்று தமிழில் எழுதலாம். கருத்து பழையது: 1941இல் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது. இப்போது காலியத்தின் இடத்தில் லுட்டீசியம்-177 வைத்துப் பி.எஸ்.எம்.ஏ. மருந்தை 6 வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 6 முறை கொடுக்கிறார்கள். ஒரு முறைக்கு 200 மில்லிக்கியூரி (கதிரியக்க அளவின் அலகு). லுட்டீசியத்தின் அரை ஆயுட்காலம் 6.65 நாள் என்பதால் சாலைத் தொலைவு இதற்குப் பெரிய தடையாவதில்லை. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் அது தயாராகிறது. முதலில் எடுக்கும் காலியம் படத்தில் கட்டி ஒளிர வேண்டும். ஒளிராத கட்டிக்கு லுட்டீசியமும் போய்ச் சேராது. அந்த நோயாளிக்கு வேறு சிகிச்சையைப் பார்க்க வேண்டும்.