சைலன்சர்: அடக்குவதா, தணிப்பதா?

பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய சைலன்சரைக் கையில் எடுத்து ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டால் தடுப்புத் தகடு பிய்ந்துவிட்டது. செம்பழுப்புத் தூள் கொட்டினால் உள்குழாய் அரித்துப் போயிருக்கிறது. சத்தமே இல்லாமல் கல் மாதிரி கனத்தால் பல வருடக் கரி உள்ளே இறுகிக் கிடக்கிறது. வெளியே பளபளக்கும் குரோம் பூச்சு இதில் எதையும் காட்டிக்கொடுக்காது.

பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தக் குழாயைக் கழற்றும்போதெல்லாம் அதன் பெயர் மனத்தை உறுத்தும். சைலன்சர் என்றால் மௌனமாக்குவது. ஆனால் எந்த வண்டியையும் அது மௌனமாக்கியதில்லை. அப்படியானால் தமிழில் இதை எப்படிச் சொல்வது? ஒலியடக்கி, ஓசையடக்கி, ஒலிகுறைப்பி என்று பல சொற்கள் புழங்குகின்றன. எது சரி என்று சொல்வதற்கு முன் மூலச் சொல்லைப் பார்த்துவிடலாம்.

லத்தீனில் 'சிலேரே' என்றால் பேசாமல் இருத்தல், ஓசையின்றி இருத்தல். அதிலிருந்து வந்தது 'சைலன்ஸ்'. அதோடு செய்பவரைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'சைலன்சர்' ஆயிற்று. இது பிரிட்டன் வழக்கு. நமக்கும் அங்கிருந்தே வந்தது. அமெரிக்கர்கள் இதே பொருளை 'மஃப்ளர்' என்பார்கள். மஃப்ளர் என்றதும் நமக்குக் கழுத்தில் சுற்றும் கம்பளித் துணிதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் 'மூஃப்ளே' என்றால் தடித்த கையுறை. அதிலிருந்து பொத்திச் சுற்றுதல் என்ற பொருளில் வினைச்சொல் பிறந்து, கழுத்துத் துணிக்கும் பெயராகி, இன்ஜினின் தொண்டையைப் பொத்தும் குழாய்க்கும் பெயராயிற்று. சில சைலன்சர்களுக்குள் உண்மையாகவே கண்ணாடிக் கம்பளி சுற்றியிருக்கிறது என்பதை நினைத்தால் அந்தப் பெயர் இன்னும் பொருந்துகிறது.

அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்டிக்கான மஃப்ளருக்கு 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கி முனையில் பொருத்தும் சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன் இவர். தந்தையின் கருவி உலகையே அதிரவைத்தது, மகன் அதிர்வைக் குறைக்கப் பாடுபட்டார். துப்பாக்கிக்குச் செய்த அதே வேலையை இவர் இன்ஜின்களுக்கும் கொண்டுவந்தார். ஒரே சொல் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் பொதுவாக இருப்பது இங்கே முக்கியம். தமிழ்ச் சொல் தேடும்போது இது குறுக்கே வரும்.

மற்ற மொழிகளையும் எட்டிப் பார்க்கலாம். இத்தாலியர்கள் இதை 'மார்மித்தா' என்கிறார்கள், அதாவது சமையல் பானை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் பேச்சு வழக்கில் இது பானைதான்: புகை வெளியேறும் பானை. ஜெர்மானியர்கள் மட்டும் நின்று யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஷால்டெம்ஃபர்' என்பது அவர்கள் சொல். ஷால் என்றால் ஒலி, டெம்ஃபர் என்றால் தணிப்பது.

இந்தப் பெயர் ஏன் சரி என்பது குழாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் தெரியும். சிலிண்டரில் எரிந்த வாயு முழுவதும் விரிந்து ஓய்வதற்கு முன்பே வெளியேற்று வால்வு திறந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. திறந்த நொடியில் அது ஒரு அடியாக வெளியே பாய்கிறது. அந்த அடிதான் நாம் கேட்கும் 'டப்'. ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஓர் அடி. நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் நொடிக்கு சுமார் 8 அடிகள். பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஐடிலில் நிற்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுவது அதனால்தான். 3000 சுற்றில் அது நொடிக்கு 25 ஆகிறது. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உறுமலாகிவிடுகின்றன.

சைலன்சர் இந்த அடியை இரண்டு வழிகளில் கையாளுகிறது. ஒரு வழி, குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் வாயுவை விட்டு, தடுப்புத் தகடுகளில் மோதித் திரும்பவைப்பது. திரும்பும் அலை, வரும் அலையோடு மோதி இரண்டும் வலுவிழக்கின்றன. இன்னொரு வழி, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கம்பளி அடைத்து, ஒலியின் ஆற்றலை அதற்குள் உராய்ந்து வெப்பமாக்குவது. கூரிய ஒலிகளை இது நன்றாக விழுங்கும், அடித்தொனியை அவ்வளவாகத் தொடாது. இரண்டு வழியிலும் வாயு தடையின்றி வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அலையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் மழுக்க வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். அடக்குவது என்றால் எழவிடாமல் செய்வது. யானையை அடக்குகிறோம், கலகத்தை அடக்குகிறோம், மூச்சை அடக்குகிறோம். தணிப்பது வேறு. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, வெக்கை தணிகிறது, கோபம் தணிகிறது. பொருள் அங்கேயே இருக்க, அதன் கடுமை மட்டும் இறங்குகிறது. சைலன்சர் செய்வது அச்சாக இதுதான். கரி அடைத்த சைலன்சர்தான் அடக்கும். அதுவும் ஒலியை மட்டும் அல்ல, இன்ஜினின் மூச்சையே அடக்கிவிடும். அப்போது வண்டி மேடு ஏற மறுக்கும், ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜின் சுற்று ஏறாது. அதற்கு வேண்டுமானால் மூச்சடக்கி என்று பெயர் வைக்கலாம்.

அதனால் என் தேர்வு தணி என்ற வினை. விகுதியில் ஒரு சிக்கல் உண்டு. பெருக்கு, வாங்கு, அடக்கு என்று உகரத்தில் முடியும் வினைகளோடு இகரம் சேர்ந்தால் ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, ஒலியடக்கி என்று அழகாக அமைந்துவிடும். தணி ஏற்கெனவே இகரத்தில் முடிகிறது. தணிப்பி என்றால், படிப்பி, நடப்பி போல ஏவும் சொல்லாகக் காதில் விழுகிறது. அழி என்பதிலிருந்து அழிப்பான், வடி என்பதிலிருந்து வடிப்பான், ஒலி என்பதிலிருந்து ஹாரனுக்கு ஒலிப்பான் என்று அமைந்த வழியில் தணிப்பான் என்பதே இயல்பு. ஆக, ஒலிதணிப்பான். வண்டியின் முன்னால் ஒலிப்பான், பின்னால் ஒலிதணிப்பான். சேர்த்துச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஒலியடக்கியைத் துப்பாக்கிக்கு விட்டுவிடலாம், அங்கே நோக்கம் அடக்குவதுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் சிக்கிய இரண்டு பொருள்கள் தமிழில் பிரிந்துவிடும்.

இன்னொரு விநோதமும் உண்டு. பழைய பந்தய வண்டிகளில் கூம்பாக விரியும் வெளியேற்றுக் குழாய்க்கு மெகாஃபோன் என்று பெயர். கிரேக்க மொழியில் பெருங்குரல் என்று பொருள். அது ஒலிபெருக்கியேதான். தெருவில் ஓட்டுவதற்கென்று அதே வடிவத்துக்குள் தடுப்புகள் வைத்த மெகாஃபோன் சைலன்சர்களும் வந்தன. பெயரில் ஒலிபெருக்கி, வேலையில் ஒலிதணிப்பான். சில சைலன்சர்களின் முனையில் இருக்கும் மீன்வால் வடிவத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் 1907-இல் திறந்த புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் வழக்குத் தொடுத்தார்கள். 1920-களில் அங்கே ஓடும் வண்டிகளுக்குச் சைலன்சர் கட்டாயமாயிற்று. புரூக்லண்ட்ஸ் டப்பா என்று பெயர் பெற்ற அந்தப் பெரிய சைலன்சரின் முனை மீன்வாலாகத் தட்டையாக விரிந்திருக்கும். அப்புறம் வெலோசெட் என்ற பிரிட்டன் மோட்டார் சைக்கிள்களின் அடையாளமாகவே மீன்வால் ஆகிவிட்டது.

பேச்சில் சைலன்சர் என்றால் முழுக் குழாயும் அடங்கும். பழுது பார்ப்பவருக்கு அது போதாது. சிலிண்டர் தலையிலிருந்து வளைந்து இறங்குவது பெண்ட் பைப், எழுத்தில் வளைகுழாய். அதற்குப் பின்னால் உப்பியிருக்கும் பகுதிதான் ஒலிதணிப்பான். உள்ளே இருக்கும் பேஃபிள் தகடுகளைத் தடுப்பு எனலாம். எது கெட்டது என்று பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வளைகுழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கசிந்தால், ஆக்சிலேட்டரை விட்டதும் 'பட் பட்' என்று வெடிக்கும். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் குழாயிலேயே எரிவதால் வரும் சத்தம் அது. இதற்குப் புது சைலன்சர் வாங்கிப் பயனில்லை, மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் வளையத்தை மாற்றினால் தீரும். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரித் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வளையங்களிலும் அடைப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகவே போய்விடும். பக்கத்துத் தெருவரை போய் நிறுத்தினால் குளிர்ந்த குழாய்க்குள் நீராகி, எரிவில் உண்டான அமிலத்தோடு கலந்து தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கேதான் முதல் ஓட்டை விழும். அதற்காகவே பல ஒலிதணிப்பான்களில் அடிப்பக்கம் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். வடிதுளை என்று நான் சொல்வேன். கசிகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள்.

ஓட்டை சிறியது, சுற்றியுள்ள தகடு கெட்டி என்றால் வெல்டிங் போதும். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு நலம், மொத்தென்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஒட்டுப் போடும் இடத்தில் குரோம் பூச்சை முழுக்க எடுத்துவிட வேண்டும், அதன் மேல் வெல்டிங் வைத்தால் எழும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. பெட்ரோல் ஊற்றிக் கழுவிய சைலன்சரில் தீப்பொறி படவே கூடாது. தடுப்பு உடைந்திருந்தால் தகடு இணையும் கோட்டின் ஓரமாக அறுத்துத் திறந்து, புதுத் தகடு வைத்து மூடலாம். மூடும் கோடு அடிப்பக்கமாக வரும்படி பார்த்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. பசை தடவுவது, துணிப்பட்டை சுற்றுவது எல்லாம் வீடு வந்து சேரும்வரைக்கும்தான்.

இரண்டு வீச்சு வண்டிகளில் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் கரியே பெரிய தொல்லை. பலவற்றில் தடுப்பைப் பின்பக்கமாக உருவி எடுக்கலாம். இரும்புத் தடுப்பைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் கரி இளகும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாகத்தை அதில் போட்டால் கரைந்தே போகும்.

மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையதைத் தூக்கிப் போடுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்: உள்குழாயின் விட்டம், நீளம், துளைகள். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தும் உள்ளே வெறும் ஓட்டைக் குழாயாக வரும் நகல்கள் உண்டு. அப்படி ஒன்றை நானும் மாட்டினேன். சத்தம் தகர டப்பா மாதிரி ஆனது பெரிதல்ல, ஸ்பார்க் பிளக் வெளுத்துவிட்டது. வாயு எளிதாக வெளியேறியதால் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போட்ட பிறகுதான் சரியானது. இரண்டு வீச்சு வண்டியில் இது இன்னும் கடுமை. அங்கே குழாயில் திரும்பி வரும் அலை, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்ட்டர் காடன் இதை நுட்பமாகக் கணக்கிட்டுத்தான் சிறிய இன்ஜினிலிருந்து அவ்வளவு திறனை எடுத்தார். அங்கே குழாய் இன்ஜினின் பாகமே.

பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் முறுக்கிவிட்டு, சிலிண்டர் பக்கம் இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். குழாயை வண்டிச் சட்டத்தோடு பிடிக்கும் தாங்கியை முதலில் இறுக்கினால் குழாய் இழுபட்டு நின்று, அதிர்வில் தாங்கி விரிசல் விடும். ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மீண்டும் ஒரு சுற்று இறுக்குங்கள்.

கடையில் கேட்கும்போது நானும் சைலன்சர் என்றுதான் சொல்கிறேன், அங்கே வேறு சொல் சொன்னால் வேறு பொருள் வந்துவிடும். அலமாரியில் மெழுகுத்தாள் சுற்றி வைத்திருக்கும் பழையதன் சீட்டில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறேன்: ஒலிதணிப்பான், இடப்பக்கம். மேலோடு நலம். தடுப்பு இரண்டும் புதிதாகப் போட வேண்டும். வடிதுளை திறந்திருக்கிறது.