அண்ணன் சட்டையில் யானை, தங்கை சட்டையில் குட்டி: எம்பிராய்டரி மெஷின் போடும் கணக்கு

6 வயது அண்ணனின் டி-ஷர்ட்டில் 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு யானை. அதே யானை 1 வயதுத் தங்கையின் சட்டையிலும் வேண்டும். ஆனால் அந்தச் சின்னச் சட்டையில் 5 செ.மீ. அகலத்துக்கு மேல் போட்டால் எடுப்பாக இருக்காது. சரி என்று தையல் கோப்பை அப்படியே பாதியாகச் சுருக்கி மெஷினில் ஏற்றினால், அட்டை மாதிரி விறைத்த ஒரு நூல் கட்டிதான் மிஞ்சும். நூல் அறும், ஊசிகூட முறியலாம், சுற்றியுள்ள துணி சுருங்கி நிற்கும். படம் சுருங்கும், நூல் சுருங்காது. ஜோடிச் சட்டை தைப்பதில் உள்ள சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சாதாரணத் தையலில் துணி ஒரே திசையில் ஓடும். எம்பிராய்டரி மெஷினில் துணியைப் பிரேமில் மாட்டிவிடுகிறோம். இரண்டு மோட்டார்கள் அந்தப் பிரேமை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்த்தும். ஊசிக்கு ஏறி இறங்கும் வேலை மட்டும்தான். துணியை நகர்த்திப் பூ போடும் இந்த யோசனை பழையது. பிரான்சின் மியூலூஸ் நகரில் ஜோசுவா ஹெய்ல்மன் 1828-இல் உருவாக்கிய கை எம்பிராய்டரி மெஷினிலேயே அது இருக்கிறது. ஊசி அடிவரை இறங்கி லேசாக மேலெழும் கணத்தில், அதன் காதருகே மேல்நூல் சிறு கண்ணியாகப் புடைக்கும். சுழலும் கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோக, இரண்டு நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். வீட்டு மெஷினிலேயே நிமிடத்துக்கு 600 முறை இது நடப்பது சர்வசாதாரணம்.

மெஷினுக்கு யானை என்றால் என்னவென்று தெரியாது. அதற்குக் கிடைப்பது, இவ்வளவு நகர்ந்து ஊசியை இறக்கு என்னும் கட்டளைகளின் வரிசை. படத்தை இப்படித் தையல்களாக எழுதுவதைத்தான் பஞ்சிங் என்கிறோம். தொழிலில் பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி கோப்பில் ஒவ்வொரு நகர்வும் 0.1 மி.மீ. துல்லியத்தில் பதிவாகிறது. நிறம் மட்டும் அதில் இருக்காது. நூலை மாற்ற நிற்கச் சொல்லும் குறிப்புதான் இருக்கும். முதல் சட்டைக்குப் போட்ட நூலின் கம்பெனியையும் நிற எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், இரண்டாவது சட்டையில் யானை வேறு சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும்.

இப்போது அந்த 5 செ.மீ. யானைக்கு வருவோம். வழக்கமான 40-ஆம் நம்பர் நூலின் பருமன் சுமார் 0.4 மி.மீ. அதனால் தையல் வரிகளையும் 0.4 மி.மீ. இடைவெளியில் வைப்பார்கள். 40 மி.மீ. உயரக் காது என்றால் 100 வரிகள். கோப்பைப் பாதியாக்கினால் காது 20 மி.மீ. ஆகிவிடும், வரிகள் அதே 100. இடைவெளி 0.2 மி.மீ. ஒவ்வொரு தையலின் நீளமும் பாதியாகிவிடுவதால், ஒரே பரப்பில் நான்கு மடங்கு தையல்கள் விழுகின்றன. ஏற்கெனவே நூல் நிறைந்த இடத்தில் ஊசி மறுபடி மறுபடி குத்தினால் நூல் அறாமல் என்ன செய்யும்?

பஞ்சிங் மென்பொருளின் மூலக் கோப்பு கையில் இருந்தால், அது வரிகளைத் திரும்பக் கணக்கிட்டுக் குறைத்துவிடும். அப்போதும் நகம், கண், வால்முடி போன்ற பொடி விஷயங்கள் தப்பாது. இரு ஓரங்களுக்கும் இடையே நெருக்கமாகப் போய் வரும் பட்டைத் தையலான சாட்டின் தையலின் அகலம் 1 மி.மீ.க்குக் கீழே போனால் வடிவம் நிற்காது. அதனால் சுருக்குவதைவிடக் குட்டி யானையைப் புதிதாகப் பஞ்ச் செய்வதே நல்லது என்பேன். நகங்களை விட்டுவிடலாம், வாலை ஒற்றை ஓட்டுத் தையலாக்கலாம். பெயர் போடுவதானால் எழுத்து 5 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், அதற்கும் சிறிதென்றால் 60-ஆம் நம்பர் மெல்லிய நூலும் அதற்கேற்ற சன்ன ஊசியும் வேண்டும்.

அடுத்தது துணி. திருப்பூரில் தயாராகும் பனியன் துணி, கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் நீளும், அதுவும் அகலவாக்கில் அதிகம். ஒவ்வொரு தையலும் தன் இரு முனைகளையும் உள்ளே இழுக்கிறது. அகலவாக்கில் சாட்டின் போட்ட வட்டக் கண், பிரேமைக் கழற்றியதும் நெட்டுக்குத்தான முட்டை வடிவத்துக்கு மாறுவது இதனால்தான். பஞ்சிங்கிலேயே இரு ஓரங்களையும் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தால் தைத்து முடியும்போது வட்டம் வட்டமாக நிற்கும். துணியைத் தாங்க அதன் அடியில் வைக்கும் பேப்பர், தைத்தபின் ஓரத்தை வெட்டி எடுக்கும் வகையாக இருக்க வேண்டும். கிழித்து எடுக்கும் பேப்பர் பனியன் துணியைத் தாங்காது. ஊசி, நுனி உருண்டதாக இருக்கட்டும். அது கண்ணியை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். துணியை இழுத்துப் பிரேமில் மாட்டவே கூடாது. கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும்போது பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். குழந்தைச் சட்டை பிரேமுக்குள் நுழையாவிட்டால், பேப்பரை மட்டும் மாட்டி அதன்மேல் சட்டையை ஒட்டவைத்துத் தைக்கலாம்.

பலர் கவனிக்காத ஒன்று, தையலின் சாய்வு. எம்பிராய்டரி நூல் பளபளப்பானது. விழும் ஒளியைத் தன் நீளவாக்கைப் பொறுத்துத் திருப்பும். ஒரே நூலில் ஒரு காதை 45 டிகிரியிலும் இன்னொன்றைக் கிடைமட்டமாகவும் தைத்துப் பாருங்கள், இரண்டும் இரண்டு நிறமாகத் தெரியும். எனவே குட்டியின் காதிலும் தும்பிக்கையிலும் பெரிய யானையின் அதே கோணங்களை வைக்க வேண்டும். அண்ணன் தங்கை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஜோடி என்று கண் உணர்வதற்கு, உருவம் ஒன்றாக இருப்பதைவிட இந்த ஒளி ஒன்றாக இருப்பது முக்கியம் என்றே எனக்குப் படுகிறது.

தைக்கும் முன் இரண்டு சட்டையையும் துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்திப் பனியன் முதல் துவைப்பில் சுருங்கும், பாலியஸ்டர் நூல் அசையாது. முன்னரே துவைக்காத சட்டையில் பூ மட்டும் உப்பிக்கொள்ளும். தைத்த பிறகு உள்பக்கத்தைத் திருப்பினால், சாட்டின் பட்டையின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெள்ளைப் பாபின் நூல் தெரிய வேண்டும். அப்படியென்றால் டென்ஷன், அதாவது நூலின் இழுப்பு, சரி. தங்கையின் சட்டைக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல். பேப்பரின் ஓரமும் முடிச்சுகளும் மெல்லிய தோலை உரசும். பூவைவிட ஒரு விரல் பெரிதாக, மிருதுவான ஒட்டும் துணியை வட்டமாக வெட்டி உள்பக்கம் இஸ்திரி போட்டு மூடிவிடுங்கள். மணி, சமிக்கி எதுவும் அவள் சட்டையில் வேண்டாம். கைக்கு வருவதெல்லாம் வாய்க்குப் போகும் வயது.