முதல் ஈடு தண்ணீருக்கு

இளைஞர் ஒருவர் அனுப்பிய படத்தில் செம்பு பளபளத்தது. பதினைந்து லிட்டர் பானை, அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த தலை, அதிலிருந்து இறங்கி ஒரு வாளித் தண்ணீருக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் சுருள்குழாய். எல்லாம் அவரே தட்டி, வளைத்து, பற்றவைத்தது. வீட்டில் சொந்த உபயோகத்துக்குச் சாராயம் வடித்துப் பார்க்கும் ஆசை. "எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டிருந்தார்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் போன இடம் வேறு. சுருள்குழாயின் கீழ்முனை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இறங்கியிருந்தது; போத்தலின் வாயைத் தக்கை வைத்து இறுக அடைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "வாசனை வீணாகப் போய்விடக் கூடாதே சார்" என்றார். கொதிக்கும் பாத்திரத்துக்கு இருந்த ஒரே வாசலையும் அவர் வாசனைக்காகச் சாத்தியிருந்தார்.

கரைப்பான்களை வடித்துப் பிரிக்கும் ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். மூன்று மாடி உயரக் கோபுரமானாலும் சமையலறை மேசை மேல் நிற்கும் பானையானாலும் புதிதாகக் கட்டிய வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கருவியில், முதலில் ஊற்ற வேண்டியது வெறும் தண்ணீர். எங்கள் தொழிலில் இதைத் தண்ணீர் ஓட்டம் என்போம். பொழுதுபோக்காக வடிப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அல்லது 'கொதித்தது, சொட்டியது, சரி' என்று பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறார்கள். நுரைத்து நிற்கும் ஊறல் பக்கத்தில் காத்திருக்கும்போது தண்ணீரைக் காய்ச்ச யாருக்குத்தான் பொறுமை இருக்கும்!

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வடிக்கத் தடையில்லை. பல நாடுகளில் உரிமமின்றி வடிப்பது குற்றம். சில இடங்களில் கருவியை வைத்திருப்பதே குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் செம்புத் தகட்டில் கை வைக்க வேண்டும். இங்கே நான் பேசப்போவது கருவியைப் பற்றி மட்டும்.

தக்கைக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனால் (சாராயத்தில் இருக்கும் ஆல்கஹால்) முழுவதும் ஆவியானால், கொதிநிலையில் அது ஏறத்தாழ 490 லிட்டர் இடத்தை அடைக்கும். தண்ணீரானால் 1,600 லிட்டருக்கும் மேல். வாலை ஒரு திறந்த பாத்திரம். குக்கரைப் போல அழுத்தம் தாங்குவதற்காகச் செய்ததல்ல; தாங்கவும் தாங்காது. குளிர்விக்கும் தண்ணீர் ஒரு நிமிடம் நின்றாலும் ஆவி அப்படியே கீழே வரும். வழி அடைபட்டிருந்தால் மூடியோ பற்றவைத்த இணைப்போ விட்டுக்கொடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் வம்புதான்: உள்ளே ஆவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும், மெல்லிய தகடு உள்நோக்கி நசுங்கும். குழாயின் முனை வடிந்த திரவத்துக்குள் மூழ்கியிருந்தால் வடித்ததையெல்லாம் பானை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே முனை காற்றில் தொங்க வேண்டும். சொட்டு விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தக்கையை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். ஒழுக்கு இருக்கிறதா என்று காற்றழுத்தி (கம்ப்ரஸர்) வைத்து ஊதிப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். அடைபட்ட காற்று வெடித்தால் தகடு கத்தியாகப் பறக்கும். முதலில் பானையைத் தண்ணீரால் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து ஓர் இரவு வைத்தார். காலையில் காகிதம் உலர்ந்தே இருந்தது. "ஒழுக்கு இல்லை சார்" என்று செய்தி வந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அவரிடம் சமையலறைத் தராசு ஒன்று இருந்தது. எட்டு கிலோ தண்ணீரை நிறுத்து ஊற்றச் சொன்னேன். இரண்டு கிலோவாட் சூடேற்றி. கொதி வந்து முதல் சொட்டு விழுந்ததிலிருந்து சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி, அணைத்து, ஆறவிட்டு, வடிந்ததையும் பானையில் மிச்சம் இருந்ததையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும். வடிந்தது 2.40 கிலோ. மிச்சம் 5.25 கிலோ. கூட்டினால் 7.65.

"350 கிராம் எங்கே தம்பி?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. குழாயின் உட்சுவரில் ஈரமாக ஒட்டியிருப்பது 30, 40 கிராம் இருக்கலாம். மீதி முந்நூறும் ஆவியாக அறைக்குள் போயிருக்கிறது. குளிர்ந்த தண்ணீரை அடக்கிய இணைப்பு, சூட்டில் விரிந்ததும் ஆவியை விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது தராசுக்குத் தெரிந்துவிட்டது. போட்டது, எடுத்தது, மிச்சம்: இந்த மூன்றும் பொருந்தாத எந்த ஆலையையும் நாங்கள் ஓட்ட விடுவதில்லை.

தண்ணீர் ஆவி என்பதால் அறை கொஞ்சம் புழுங்கியதோடு போயிற்று. ஒருமுறை வடித்ததை மறுபடி ஊற்றி வடிக்கும்போது மேலே ஏறும் ஆவியில் ஏறத்தாழ பாதி எத்தனாலாக இருக்கும். அவருடைய பானை அன்று விட்ட அளவு ஆவி அப்போது வெளியேறியிருந்தால், 200 லிட்டர் எத்தனால் ஆவி அறையில் கலந்திருக்கும். காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே எத்தனால் ஆவி தீப்பிடிக்கும். கணக்குப் போட்டால், ஆறு கன மீட்டர் காற்றைப் பற்றிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவர அது போதும். அது காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து, மேசைக்கு அடியிலும் பக்கத்து அறையிலும் பொறியைத் தேடிப் போகும். எரிவாயு அடுப்பின் மேல் வாலை வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். மின்சூடேற்றியும் முழுப் பாதுகாப்பு அல்ல. அது திரவத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும், பூமி இணைப்பு சரியாக இருக்க வேண்டும். சுவிட்சை வாலையை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

தண்ணீர் ஓட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அரை மணி கழிந்ததும் வடிந்த நீர் தொட முடியாத சூட்டில் வந்திருக்கிறது. வாளித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். இரண்டு கிலோவாட் வெப்பத்தை வாங்கி, 30 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கி நிற்கும் வாளி அதற்கு ஈடுகொடுக்காது. பானையின் தலையில் அவர் பொருத்தியிருந்த வெப்பமானி இதைக் காட்டவில்லை, காட்டவும் காட்டாது. கீழே குளிர்நீர் நின்றுபோனாலும் மேலே ஏறும் ஆவியின் வெப்பம் அதேதான். தொட்டுப் பார்க்க வேண்டியது சுருளின் கீழ்முனையை. (வெப்பமானி வேறு விதத்தில் உதவியது: கொதிநீர் ஆவியில் அது 97 காட்டியது. மூன்று டிகிரி பொய் சொல்லும் கருவி என்று இலவசமாகத் தெரிந்துகொண்டோம்.)

தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எத்தனாலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீர் நுழையாத இடுக்கில் அது கசியும். தண்ணீரில் சும்மா இருக்கும் ரப்பர் வாஷரையும் பிளாஸ்டிக் குழாயையும் சூடான எத்தனால் ஆவி கரைத்து இழுத்து வரும். அதனால் தண்ணீருக்குப் பிறகு வினிகர் கலந்த நீரில் ஓர் ஓட்டம், அதற்குப் பிறகு கொஞ்சம் மலிவான சாராயத்தில் ஓர் ஓட்டம். அந்தக் கடைசி ஓட்டத்தில் வடிந்தது முழுவதும் சாக்கடைக்கு. ஒரு வாய் ருசி பார்ப்பதும் கிடையாது. வடிந்ததில் நீலமோ பச்சையோ தெரிந்தால் செம்பின் களிம்பு இன்னும் போகவில்லை.

ஈயத்துக்கு அப்படி நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடி இணைப்பை எதனால் பற்றவைத்தீர்கள் என்று கேட்டபோது, "வீட்டில் கிடந்த பற்றாசுக் கம்பி" என்றார். பழைய கம்பிகளில் பாதிக்குப் பாதி ஈயம் இருப்பது சகஜம். புளித்த ஊறலின் ஆவியில் அமிலம் இருக்கும். அது ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. ரம் வடிக்கும் வாலைகளில் ஈயத் தலையும் ஈயக் குழாயும் கூடாது என்று 1723இலேயே மாசசூசெட்ஸில் சட்டம் போட்டார்கள். இருந்தும், பிற்காலத்தில் பழைய கார் ரேடியேட்டர்களைக் குளிர்விப்பானாக்கி வடித்த கள்ளச்சாராயம் பலருக்கு ஈய நஞ்சைக் கொடுத்தது. எதனால் பற்றவைத்தது என்று தெரியாத இணைப்பை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டினார். முகம் கொஞ்சம் வாடியது.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி மெத்தனாலைப் பற்றியது. அந்தப் பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி நிற்கிறது. சர்க்கரையையும் தானியத்தையும் புளிக்கவைத்தால் மெத்தனால் மிகக் குறைவு. பெக்டின் (ஜாமை இறுகவைக்கும் பொருள்) உள்ள பழங்களில் சற்று அதிகம். கூட்டம் கூட்டமாக உயிரையும் கண்ணையும் பறித்த நஞ்சு பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலை யாரோ கலந்து விற்றதால் வந்தது. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்கும், ஆகவே முதல் கோப்பையைக் கொட்டிவிட்டால் எல்லாம் போய்விடும் என்பார்கள். கலவையில் அது அப்படி வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். முதல் கோப்பையைக் கொட்டுவது நல்லதுதான், காட்டமான வேறு சில பொருள்கள் அதில் இருக்கின்றன. கொளுத்திப் பார்த்து நிறத்தை வைத்துச் சொல்வது வெறும் கட்டுக்கதை. எத்தனாலும் நீலமாகத்தான் எரியும். யாராவது குடித்த சில மணி நேரம் கழித்து, அடுத்த நாளே ஆனாலும், கண் மங்குகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் இருக்காது.

இரண்டு வாரம் கழித்து அவர் என்னை நேரில் வரச் சொன்னார். இணைப்புகளை ஈயமில்லாத பற்றாசில் புதிதாகப் போட்டிருந்தார். வாளி போய் ஓடும் தண்ணீர் வந்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஐந்து தண்ணீர் ஓட்டங்களின் கணக்கு. கடைசியில் காணாமல் போனது 45 கிராம். வெப்பமானியின் மேல் பேனாவால் '+3' என்று எழுதியிருந்தார். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"தீயணைப்பான்?" என்று கேட்டேன்.

"இருக்கிறது சார்" என்று உற்சாகமாகக் கை காட்டினார். வாலைக்கு நேர் பின்னால், சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அதை எடுக்க வேண்டுமானால் எரிகிற வாலையைத் தாண்டித்தான் கை நீட்ட வேண்டும்.