'காசிப்': ஞானத்தாய் வம்புப்பேச்சு ஆன கதை

இன்று ஊர்வம்பைக் குறிக்கும் 'காசிப்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமான திருமுழுக்குச் சடங்கில். பழைய ஆங்கிலத்தில் அது 'கோட்சிப்'. கோட் என்றால் கடவுள். சிப் என்றால் உறவு. குழந்தையின் திருமுழுக்கில் பொறுப்பேற்று நிற்பவரே, அதாவது ஞானத்தாயோ ஞானத்தந்தையோதான், கோட்சிப். இங்கிலாந்தின் யார்க் பேராயர் வுல்ஃப்ஸ்டன், 1014-ஐ ஒட்டிய தம் பேருரையில், ஞானப்பெற்றோரும் ஞானப்பிள்ளைகளும் நாடெங்கும் அழிக்கப்பட்டதைச் சொல்லி வருந்தும்போது இச்சொல்லைத்தான் ஆள்கிறார். இந்த உறவுக்குள் திருமணம் கூடாது என்று திருச்சபை தடுத்த அளவுக்கு அது அன்று கனமான உறவு.

பேச்சில் நடுவிலிருந்த 'ட்' ஒலி அடுத்த ஒலியில் கரைந்தது. பொருளும் நகர்ந்தது: ஞானப்பெற்றோர், நெருங்கிய தோழமை, பிறகு பேறுகாலத்தில் உடனிருக்கும் பெண்கள். ஆண்கள் நுழையாத பேற்றறையில் பிரசவம் பார்க்க உதவி, தாய்க்குத் துணையிருந்து, பிறப்புக்குச் சாட்சியாகவும் நின்றவர்கள் அவர்கள். அந்த அறையின் பேச்சைப் பற்றி வெளியே எழுந்த ஏளனம்தான் சொல்லின் மதிப்பைக் குறைத்தது என்பது என் கருத்து. சாமுவேல் ஜான்சனின் 1755 ஆங்கில அகராதியில் மூன்று பொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன: திருமுழுக்கில் பொறுப்பேற்பவர், குடித்தோழர், பேறுவீட்டுப் பெண்களைப் போல வாயாடித் திரிபவர். பேசும் ஆளை விட்டுப் பேச்சையே இச்சொல் குறிப்பது 19-ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பிரெஞ்சின் 'கொமேர்' என்ற சொல்லும் ஞானத்தாயில் தொடங்கி வம்புக்காரியில் வந்து நின்றது.

மதுக்கடையில் 'கோ சிப்' (போய்ப் பருகு) என்று ஒற்றர்களை அனுப்பியதால் வந்த சொல் இது என்று சொல்வது வெறும் கட்டுக்கதை.

தமிழில் இதற்கு ஒரே சொல் போதாது. பழைய ஆங்கில நூல்களில் வந்தால் ஞானத்தாய், ஞானத்தந்தை என்பதே சரி. ஷேக்ஸ்பியரின் 'தி காமெடி ஆஃப் எரர்ஸ்' முடிவில் வருவது ஞானப்பெற்றோர் கூடும் விருந்து. அங்கே 'வம்பு விருந்து' என்று பெயர்த்தால் காட்சியே குலையும். இன்றைய பொருளுக்கு வம்பு, வம்பளப்பு. புறங்கூறல் பொருந்தாது, அதில் தீய நோக்கம் உண்டு. காசிப்பில் அது கட்டாயமில்லை. திரையுலகத் துணுக்குக்குக் கிசுகிசு. காதலரைப் பற்றிய ஊர்ப்பேச்சு என்றால் சங்கச் சொற்களே இருக்கின்றன: வெளிப்படாமல் முணுமுணுப்பாக நிற்பது அம்பல், ஊரறியப் பரவியது அலர். இந்த நுட்பம் ஆங்கிலச் சொல்லில் இல்லை.

வம்பும் இடம் மாறிய சொல்தான். தொல்காப்பியம் அதற்குத் தரும் பொருள் நிலையின்மை. குறுந்தொகையின் 'வம்ப மாரி' பருவம் தப்பிப் பெய்த மழை.