கம்ப்ரஸர் வாங்கும்போது ஹெச்பியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

வீட்டு கராஜுக்கு ஏர் கம்ப்ரஸர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ரெண்டு ஹெச்பி போதுமா? ஐம்பது லிட்டர் டேங்க் போதுமா?" என்பதுதான். கம்ப்ரஸர் பழுதுபார்ப்பது என் தொழில். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: அதை வைத்து எந்த டூலை ஓட்டப்போகிறீர்கள்?

காற்றில் ஓடும் டூலுக்கு அழுத்தமும் வேண்டும், நிமிடத்துக்கு இவ்வளவு என்று காற்றும் வேண்டும். அழுத்தம் அநேகமாகப் பிரச்சினையே இல்லை. வீட்டில் புழங்கும் டூல்களில் பெரும்பாலானவை 90 பிஎஸ்ஐயில், அதாவது சுமார் 6 பாரில் ஓடுபவை. சின்ன மெஷின்கூட 8 பார் வரை ஏற்றிவிடும். சிக்கல் எல்லாம் காற்றின் அளவில்தான். அதை சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று போட்டிருப்பார்கள். 1 சிஎஃப்எம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர்.

ஆணி அடிக்கும் நெயிலருக்கு 1 அல்லது 2 சிஎஃப்எம் தாராளம். நட்டு கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு 5 வேண்டும். பரப்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் சாண்டரும் பெயின்ட் ஸ்ப்ரே கன்னும் 10 வரை போகும், சிலது அதையும் தாண்டும். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டூலின் அட்டையில் 'சராசரி' என்று போட்டிருந்தால், அது பல நேரம் நிமிடத்தில் கால்பங்கு நேரம்தான் ஓட்டுவீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. ரெஞ்சுக்கு அது சரி. சாண்டரை யார் பதினைந்து நொடி தேய்த்துவிட்டு நிறுத்துகிறார்கள்?

கம்ப்ரஸர் பக்கமும் இதே கதைதான். பெரிய எழுத்தில் இருக்கும் சிஎஃப்எம், பல சமயம் சிலிண்டரின் கொள்ளளவையும் சுற்று வேகத்தையும் பெருக்கிப் போட்டது. வெளியே வரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறையும். '90 பிஎஸ்ஐயில் எவ்வளவு காற்று தரும்' என்று கேளுங்கள். அந்த எண் இல்லை என்றால், ஒரு ஹெச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

டேங்க் பெரிதாக இருந்தால் சமாளித்துவிடலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது கிடைப்பது 100 லிட்டர் காற்று. சாண்டர் நிமிடத்துக்கு 280 லிட்டர் இழுக்கிறது, மெஷின் 200 தருகிறது என்றால் பற்றாக்குறை 80. ஒன்றேகால் நிமிடத்தில் கையிருப்பு காலி. அப்புறம் சாண்டர் திணறும், மோட்டார் நிற்காமல் ஓடும்.

இப்படி நிற்காமல் ஓடிய மெஷின்கள்தான் பழுதுக்கு அதிகம் வருகின்றன. சின்ன பிஸ்டன் கம்ப்ரஸர்களில் பெரும்பாலானவை ஓடிய நேரத்துக்கு ஈடாக ஓய்வும் எடுக்க வேண்டியவை. ஓய்வில்லாமல் சூடேறினால் ஆயில் கருகி வால்வில் படியும். டேங்கில் ஆற நேரம் இல்லாத காற்று ஈரத்தோடு ஹோஸுக்குள் போய், டூலைத் துருப்பிடிக்க வைக்கும், பெயின்டைக் கெடுக்கும். அதனால், அதிகம் காற்று கேட்கும் டூலின் தேவையோடு கால்பங்கு கூட்டி வாங்குங்கள். நெயிலரும் டயர் காற்றும் மட்டும்தான் என்றால் சின்ன ஆயில் இல்லாத மெஷினே போதும். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

தேர்வு சரியாக அமைந்தாலும் டேங்குக்குள் தண்ணீர் சேரத்தான் செய்யும். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் பிரிந்து அடியில் தங்கும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள டிரெய்ன் வால்வைத் திறந்துவிட வேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும், தகடு மெலிந்துகொண்டே போகும். மெலிந்த தகடு 8 பாரில் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஊசித்துளை விழுந்த டேங்கை வெல்டிங் வைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. ஓர் இடத்தில் துளை விழுந்தால் சுற்றியுள்ள தகடும் போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியேற்றும் சேஃப்டி வால்வு காற்றுவிட்டால் அதை அடைத்து வைப்பதும் இதே அளவு ஆபத்து.

காற்றுக்குப் பிவிசி பைப்பும் வேண்டாம். அது கசிவதில்லை, சில்லுசில்லாக உடைந்து தெறிக்கும். மெஷின் எட்டவில்லை என்றால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டாதீர்கள்; வோல்டேஜ் இறங்கி மோட்டார் கருகும். அதற்குப் பதில் ஹோஸை நீட்டுங்கள், கால் அங்குலத்தை விட்டு 3/8 அங்குல ஹோஸாக.

பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால் டேங்கில் தயாரிப்புத் தகடு இருக்கிறதா, அதில் அதிகபட்ச அழுத்தமும் ஆண்டும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். டிரெய்ன் வால்வைத் திறந்து பாருங்கள். துரு கலந்த சிவப்புத் தண்ணீர் கொட்டினாலோ, தகடே இல்லை என்றாலோ, மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்காதீர்கள்.