ஆற்றுக்கு விட்ட இடம்: தாவோயியத்தில் வெளியும் நிலமும்

மனைப்பிரிவுகளுக்கும் வளாகங்களுக்கும் நிலத்தோற்றத்தை வடிவமைத்துத் தருவது என் தொழில். வரைபடத்தை மேசையில் விரித்ததும், எதுவும் கட்டாமல் விடப்பட்ட பகுதியில்தான் பெரும்பாலானோர் முதலில் விரல் வைப்பார்கள்; “இவ்வளவு இடம் வீணாகப் போகிறதே” என்பார்கள். சற்று நேரம் கழித்து அவர்களே, வாசலில் கண்ணாடியை எங்கே மாட்டலாம், காற்றுமணியை எந்தத் திசையில் தொங்கவிடலாம் என்று, சீனர்களின் மனையடி சாத்திரமான ஃபெங் சுயி பற்றியும் கேட்பார்கள். சீனச் சிந்தனையிலிருந்து நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் கடைப் பொருள்களாகவே இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் அந்தச் சிந்தனையின் ஆழமான பகுதி, அவர்கள் வீண் என்று சுட்டிய அந்தக் காலி இடத்தைப் பற்றியது.

பழைய சீனத் தத்துவ மரபான தாவோயியத்தின் அடிப்படை நூல் தாவோ தே ஜிங்; அதன் 11ஆம் அத்தியாயம் சில வரிகளே கொண்டது. சக்கரத்தின் முப்பது ஆரக்கால்கள் அதன் மையக் குடத்தில் வந்து சேர்ந்தாலும், அந்தக் குடத்தின் நடுவில் வெற்றிடம் இருப்பதால்தான் வண்டி பயன்படுகிறது. களிமண்ணைப் பிசைந்து வனைந்த பாண்டம் உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் பொருளைக் கொள்கிறது. கதவும் சன்னலும் வெட்டித் திறந்த பிறகே அறை வாழத் தக்கதாகிறது. கட்டட வேலையில் இருக்கும் எவருக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. 25ஆம் அத்தியாயம் இதை மனிதனின் இடம் பற்றிய கேள்வியாக விரிக்கிறது: மனிதன் மண்ணையும், மண் வானத்தையும், வானம் தாவோ எனும் பேரியற்கை நெறியையும், தாவோ தன் இயல்பையும் பின்பற்றுகின்றன. அந்த வரிசையில் மனிதன் பின்பற்ற வேண்டியது முதலில் காலடி மண்ணைத்தான்.

பின்பற்றாதபோது என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவின் மஞ்சளாறு சாட்சி. கி.மு. 7ஆம் ஆண்டுவாக்கில் ஜியா ராங் என்பவர் வெள்ளத் தடுப்பு குறித்து, அன்று சீனாவை ஆண்ட ஹான் மரபின் அரசவைக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். பழைய அரசுகள் ஆற்றிலிருந்து 25 லி, அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளியே கரை கட்டின என்றும், இடைப்பட்ட நிலத்தில் வெள்ளம் பரவி வடிந்தது என்றும் அதில் அவர் எழுதினார். வெள்ளம் விட்டுச்சென்ற வண்டல் வளமாக இருந்ததால் மக்கள் அங்கே உழுதார்கள். சில காலம் சேதம் ஏதும் இல்லாததால் வீடு கட்டினார்கள். வீடுகள் பெருகி ஊராயின. ஊரைக் காக்க உள்ளே இன்னொரு கரை எழுந்தது. அவர் காலத்தில் சில கரைகள் தண்ணீரிலிருந்து சில நூறு தப்படிக்குள் வந்துவிட்டன. நிலத்துக்கு ஆறு, மனிதனுக்கு வாயைப் போன்றது என்றார் அவர்; ஆற்றை அடைத்து நிலத்தைக் காப்பது, அழும் குழந்தையின் வாயை அடைப்பதற்கு ஒப்பானது, அழுகை உடனே நிற்கும், குழந்தையும் இறந்துபோகும். மக்களை இடம்மாற்றி ஆற்றுக்கு வழிவிடுவது முதல் தரமான தீர்வு, கால்வாய்களில் நீரைப் பிரிப்பது அடுத்தது, கரையை மேலும் மேலும் உயர்த்துவது கடைத் தரம் என்பது அவர் வகுத்த வரிசை. முதல் வழியை எவரும் செயல்படுத்தவில்லை. கி.பி. 11இல் ஆறு கரையுடைத்துத் தன் போக்கையே மாற்றிக்கொண்டது. சீன அறிவியல் வரலாற்றை ஆராய்ந்த ஜோசப் நீடம், ஆற்றை ஒடுக்கும் உயர்கரைப் போக்கை, ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் வலியுறுத்தும் கன்பூசியச் சாய்வு என்றும், ஆற்றுக்கு இடம்விடும் போக்கைத் தாவோயியச் சாய்வு என்றும் பிரித்துப் பார்த்தார்.

இடம்விட்டு வெற்றி கண்ட பணியைச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பார்க்கலாம். மின் ஆறு மலையிலிருந்து செங்டு சமவெளியில் இறங்கும் துஜியாங்யானில், கி.மு. 256 அளவில் ஆளுநர் லி பிங் தொடங்கிய அமைப்பில் ஆற்றுக்குக் குறுக்கே உயர்ந்த அணை இல்லை. மீன்வாய் எனப்படும் கூர்முனை ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. உள் ஆறு குறுகலாகவும் ஆழமாகவும், வெளி ஆறு அகலமாகவும் மேடாகவும் இருப்பதால், நீர் குறைந்த காலத்தில் நீரில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு பாசனத்துக்குரிய உள் ஆற்றில் போகிறது. வெள்ளக் காலத்தில் அதே அளவு பங்கு வெளி ஆற்றுக்குத் திரும்புகிறது. வளைவில் மேல்நீர் ஒருபுறமும் மணல் சுமந்த அடிநீர் மறுபுறமும் ஒதுங்குவதால் பெரும்பகுதி மணல் வெளி ஆற்றோடு போய்விடும். மிஞ்சிய மணலையும் உபரி நீரையும் ஒரு தாழ்வான கலிங்கு வெளியேற்றும். “ஆழமாகத் தூர்வாரு, கலிங்கைத் தாழக் கட்டு” என்பது அங்கே கல்லில் பொறிக்கப்பட்ட விதி. நீர் குறைந்த குளிர்காலத்தில் தூர்வாருவோருக்கு, எவ்வளவு தோண்டினால் போதும் என்பதைப் படுகையில் புதைத்த இரும்புத் தண்டுகள் காட்டும். 1970களில் வெளி ஆற்றில் மதகு சேர்ந்தது. மீன்வாய் இன்று கான்கிரீட்டால் ஆனது. ஆயினும் அடிப்படை அமைப்பு மாறாமல் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாசனம் தருகிறது. மீன்வாய்க்குச் சற்று மேலே புதிய அணை கட்டும் திட்டம் பொதுமக்களின் எதிர்ப்பால் 2003இல் கைவிடப்பட்டது.

லி பிங் தாவோயியர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கடுமையான சட்டங்களால் ஆண்ட சின் அரசின் அதிகாரி. ஆனால் பிற்காலத்தில் தெய்வமாக்கப்பட்ட அவரை வழிபடும் அங்குள்ள கோயில் ஒரு தாவோயியக் கோயில். அண்டையிலுள்ள சிங்செங் மலை தாவோயியத்தின் புனிதத் தலம். மலையையும் நீரமைப்பையும் சேர்த்தே யுனெஸ்கோ 2000இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. தொடக்ககாலத் தாவோயியச் சமூகத்தின் 180 விதிகளைப் படித்தபோது, என் துறையின் ஒழுங்குவிதிகளைப் போலவே இருந்தன: மரங்களைத் தேவையின்றி வெட்டாதே, நீர்நிலைகளில் நஞ்சைக் கொட்டாதே, சதுப்பு நிலத்தை வற்றச் செய்யாதே, குளத்தையும் கிணற்றையும் தூர்க்காதே.

ஆகவே மனை வாங்குவோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வாஸ்துவோ ஃபெங் சுயியோ பார்ப்பது உங்கள் விருப்பம். அதற்கு முன் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். பழைய வருவாய்த் துறை வரைபடத்தில் அந்த இடத்தில் ஓடையோ குட்டையோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்தத் தாழ்வான பகுதியைத் தனியே குறித்துத் தந்தால், கட்டடத்தை எங்கே நிறுத்தலாம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.